வேலைநாள் இரவுச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை முடிந்து வந்து வீட்டில் சமைக்கப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அரிசி வேகும் நேரத்தை யாராலும் பெரிதாகக் குறைக்க முடியாது. எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது, அது வேகும்போது கை என்ன செய்வது என்பதில்தான் நேரம் மிச்சமாகும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும். அளவுகளில் கப் என்றால் 240 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி., தேக்கரண்டி 5 மி.லி.

1. எனக்குச் சமையல் சுத்தமாகத் தெரியாது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

சோறு, ஒரு பருப்பு, வதக்கிய காய், முட்டை. இந்த நான்கும் கைக்கு வந்துவிட்டால் வாரத்தின் ஐந்து இரவுகளையும் சமாளிக்கலாம். ஒரே பதார்த்தத்தை இரண்டு வாரத்துக்குள் நான்கைந்து முறை செய்யுங்கள். முதல் தடவை செய்முறையைப் படிக்கவே பாதி நேரம் போகும். மூன்றாவது தடவை உப்பும் தண்ணீரும் பார்க்காமலே விழும். ஐந்தாவது தடவை கை வேலை செய்யும்போதே அடுத்த அடுப்பைக் கவனிக்க முடியும். தினம் ஒரு புதுச் சமையல் என்று இறங்குகிறவர்கள் தினமும் முதல் தடவையிலேயே நிற்கிறார்கள். அதனால்தான் சீக்கிரம் அலுத்துப்போகிறது.

இருப்பதிலேயே சுலபம் முட்டை. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு கரண்டியில் வைத்து மெதுவாக இறக்குங்கள். 7 நிமிடத்தில் மஞ்சள் கரு இளகலாக இருக்கும். 10 அல்லது 11 நிமிடத்தில் கெட்டியாகும். எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். பச்சைத் தண்ணீரிலேயே போட்டுச் சூடேற்றினால் வெள்ளைக்கரு ஓட்டின் உள்தோலோடு ஒட்டிக்கொள்ளும், உரிக்கும்போது பிய்ந்து வரும். ஓட்டோடு இருக்கும் அவித்த முட்டை குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் தாங்கும்.

2. என்னென்ன பாத்திரம் கட்டாயம் வேண்டும்?

மூடியோடு கூடிய அடிகனமான 3 லிட்டர் பாத்திரம், 26 முதல் 28 செ.மீ. அகலமுள்ள வாணலி, 18 செ.மீ. நீளத்துக்குக் குறையாத கத்தி, பெரிய பலகை. பணம் செலவழிப்பதானால் பாத்திரத்தின் அடியில் செலவழியுங்கள்: அடி மெல்லியதாக இருந்தால் தீ படும் இடம் மட்டும் கருகும். பருப்பும் கடலையும் அடிக்கடி சமைப்பவர்களுக்குப் பிரஷர் குக்கர் நல்ல முதலீடு. அதற்குள் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும், திறந்த பாத்திரத்தில் 100-ஐத் தாண்டாது. ஒரு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிவதற்குக் காரணம் அந்த 20 டிகிரிதான்.

3. வீட்டுக்கு வரும்போதே இரவு எட்டு. அரை மணி நேரத்தில் முழுச் சாப்பாடு உண்மையிலேயே முடியுமா?

முடியும். சோறு, மசூர் பருப்பு, ஒரு காய் என்று வைத்துக்கொள்வோம். உடை மாற்றும் முன்பே அரிசியைக் கழுவித் தண்ணீர் ஊற்றி ஓர் அடுப்பிலும், பருப்பை இன்னோர் அடுப்பிலும் ஏற்றிவிடுங்கள். மசூர் பருப்புக்கு ஊறல் வேண்டாம். திறந்த பாத்திரத்திலேயே 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். இந்தப் பத்து நிமிட முன்தொடக்கம்தான் அரை மணியையும் ஒரு மணியையும் பிரிக்கிறது.

5-ஆவது நிமிடம்: அரிசி கொதித்ததும் தீயைக் குறைத்து மூடுங்கள், வெங்காயத்தை நறுக்குங்கள். 10-ஆவது நிமிடத்துக்குள் காயையும் நறுக்கி முடித்துவிடலாம். 18-ஆவது நிமிடம் சோற்று அடுப்பை அணையுங்கள், மூடியைத் திறக்க வேண்டாம். காலியான அந்த அடுப்பில் வாணலியை ஏற்றி வெங்காயத்தை வதக்குங்கள். பாதியைப் பருப்பில் கொட்டிவிட்டு மீதியோடு காயைச் சேர்த்தால் 30-ஆவது நிமிடம் மூன்றும் சூடாக இருக்கும்.

4. என்னிடம் ஒரே ஒரு அடுப்புதான். அப்போதும் முடியுமா?

சோற்றை முதலில் வையுங்கள். அடிகனமான பாத்திரம் என்றால், அணைத்த பிறகு தடித்த துண்டால் சுற்றி வைத்தால் அரை மணி நேரம் சூடு தாங்கும். அந்த அரை மணியில் மற்றதை முடிக்கலாம். ஆனால் இரண்டு பதார்த்தம் தனித்தனியாகச் செய்ய நினைக்காதீர்கள். பருப்பிலேயே காயைப் போட்டு வேகவைத்து ஒன்றாக்கிவிடுவதுதான் ஓர் அடுப்புக்காரர்களுக்குச் சரிவரும்.

5. செய்முறையில் முப்பது நிமிடம் என்றுதான் இருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் ஒரு மணி நேரம் ஆகிறது?

பெரும்பாலான செய்முறைகளில் பொருள் பட்டியலிலேயே ‘பொடியாக நறுக்கிய வெங்காயம் இரண்டு’ என்று எழுதிவிடுவார்கள். நறுக்கும் நேரம் கணக்கில் வருவதில்லை. கழுவுவது, உரிப்பது, தண்ணீர் கொதிப்பது, பெட்டியிலிருந்து தேடி எடுப்பது எல்லாம் சேர்ந்து இன்னும் இருபது நிமிடம் ஆகும். ஆகவே புதிய செய்முறை எதுவானாலும் போட்டிருக்கும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் தடவையை விடுமுறை நாளில் செய்து பார்ப்பது இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் நறுக்கி வரிசையாகக் கிண்ணங்களில் வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மிகுந்த தீயில் ஐந்தே நிமிடத்தில் முடியும் சமையலுக்கு அது சரி. மெதுவாக வதங்குவதற்கு அது தேவையில்லை. வெங்காயம் வதங்க எடுக்கும் பத்து நிமிடத்தில் மற்றதை நறுக்கிவிடலாம்.

6. நறுக்கவே எனக்கு இருபது நிமிடம் ஆகிறது. வேகமாக நறுக்குவது எப்படி?

வேகம் தானாக வரும். முதலில் மூன்று விஷயங்களைச் சரிசெய்யுங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. உருண்டையான காயை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கத்தைப் பலகையில் வையுங்கள். காயைப் பிடிக்கும் கையில் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். கத்தியின் பக்கவாட்டு விரல் மூட்டில் உரசிக்கொண்டு இறங்க வேண்டும். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் தேவை. அழுத்தும்போது வழுக்கினால் கையில்தான் இறங்கும். கூரான கத்தியே பாதுகாப்பானது.

வெங்காயத்தை வேர்ப்பக்கம் விட்டுவிட்டு நறுக்குங்கள்; இதழ்கள் கலையாமல் பிடித்துக்கொள்ளும். துண்டுகள் ஒரே அளவில் இருப்பதுதான் முக்கியம். பெரியதும் சின்னதும் கலந்தால் ஒன்று குழைவதற்குள் இன்னொன்று வேகாது.

7. ‘ஐந்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்’ என்கிறார்கள். எனக்கு ஐந்து நிமிடத்தில் வெங்காயம் வெள்ளையாகவே இருக்கிறது.

தவறு உங்கள் பேரில் இல்லை. நடுத்தரத் தீயில் வெங்காயம் கண்ணாடி போல ஆவதற்கே ஐந்து நிமிடம் ஆகும். பொன்னிறத்துக்கு 10 முதல் 15 நிமிடம், அடர்ந்த பழுப்புக்கு 40 நிமிடத்துக்கும் மேல். வெங்காயத்தில் பெரும்பகுதி தண்ணீர். அது வற்றும்வரை வாணலியின் சூடு 100 டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். நிறம் மாறுவதற்கோ சுமார் 140 டிகிரி வேண்டும்.

நேரத்தைக் குறைக்க: மெல்லியதாக நறுக்கி, கால் தேக்கரண்டி உப்புப் போட்டு, முதல் நான்கு நிமிடம் மூடி வையுங்கள். உப்பும் ஆவியும் சேர்ந்து சீக்கிரம் தளரச் செய்யும். பிறகு மூடியை எடுத்துத் தீயைக் கூட்டுங்கள். அடியில் பழுப்பு ஒட்டத் தொடங்கினால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். அந்தப் பழுப்புதான் ருசி. பூண்டை மட்டும் கடைசியில் போடுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் சூடான எண்ணெயில் நின்றால் கசந்துவிடும்.

8. சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் அரைவேக்காடாக நிற்கிறது. தண்ணீர் எவ்வளவுதான் வைப்பது?

பெரும்பாலான வெள்ளை அரிசி, உதிரியான பதத்துக்குத் தன் அளவுக்குச் சமமான தண்ணீரைத்தான் உறிஞ்சுகிறது. அதற்கு மேல் நாம் ஊற்றுவது ஆவியாகப் போவதற்கு. மூடி நன்றாகப் பொருந்தும் பாத்திரத்தில் ஒரு கப் அரிசிக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கப் போதும். குழைவாகப் பிடிக்குமானால் கால் கப் கூட்டுங்கள். புழுங்கல் அரிசியும் தவிடு நீக்காத அரிசியும் இன்னும் கூடுதலாகக் குடிக்கும், நேரமும் கூடும். ஒரு கப் அரிசி இரண்டு மூன்று பேருக்கு வரும்.

கொதித்ததும் தீயை மிகக் குறைத்து மூடி, 12 நிமிடம். பிறகு அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் திறக்காமல் விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடியில் ஈரம், மேலே அரைவேக்காடு என்று இருப்பது அந்த நேரத்தில்தான் சமமாகிறது. நடுவில் திறந்து கிளறினால் அரிசி உடைந்து மாவு வெளியேறிப் பிசுபிசுக்கும்.

9. பருப்பும் கடலையும் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

மூன்று காரணங்கள். முதலாவது, பழைய சரக்கு. வருடக்கணக்கில் கிடந்த கடலை எவ்வளவு ஊறினாலும் நடுவில் கல்லாகவே இருக்கும். இரண்டாவது, கடினநீர். அதிலுள்ள கால்சியம் தோலை இறுக்கிவிடும். மூன்றாவது, புளிப்பை முன்கூட்டியே போடுவது. தக்காளி, எலுமிச்சை, புளி எதுவானாலும் அமிலம் காயின் செல்சுவரைத் தளரவிடாது. பருப்பு மசிந்த பிறகுதான் புளிப்பு. உருளைக்கிழங்குக்கும் இதே விதி.

உப்பைக் குறித்து ஒரு பழைய பயம் இருக்கிறது, முதலில் போட்டால் வேகாது என்று. உண்மை நேர்மாறானது. ஊறவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டால் தோல் மெத்தென்று வேகும். கடினநீர்தான் பிரச்சினை என்றால் ஒரு கப் கடலைக்கு ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும். அதிகமானால் சோப்பு வாடை வரும்.

10. காலையில் ஊறவைக்க மறந்துவிட்டேன். இரவு கடலை சமைக்க வழி உண்டா?

தாராளமாகத் தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து, அணைத்து, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். எட்டு மணி நேர ஊறலுக்குக் கிட்டத்தட்ட ஈடாகும். பிறகு குக்கரில் 20 முதல் 25 நிமிடம். ஆனால் வேலைநாளில் அந்த ஒரு மணி நேரமே அதிகம். அன்று மசூர் பருப்புக்கு மாறிவிடுங்கள். அடுத்த தடவை அரை கிலோ கடலையை ஒரே மூச்சில் வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று உறையவைத்துவிடுங்கள். உலர்ந்த கடலை ஒரு கப், வெந்த பிறகு இரண்டரை முதல் மூன்று கப் ஆகும்.

குக்கரில் பருப்பு, கடலை வகைகளைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும். மூடும் முன் அந்தத் துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

11. காயை வதக்கினால் தண்ணீர் விட்டு வெந்துபோகிறது. மொறுமொறுப்பாகச் சிவக்கவே இல்லை.

வாணலி நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். 7-ஆவது பதிலில் சொன்ன அதே கணக்கு: தண்ணீர் இருக்கும்வரை சூடு ஏறாது. 28 செ.மீ. வாணலியில் ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் போடாதீர்கள், அடி தெரிய வேண்டும். கழுவிய காயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் சூடாகிப் பளபளவென்று அலையடித்த பிறகு போட்டு, இரண்டு நிமிடம் கிளறாமல் விடுங்கள். உப்பைக் கடைசியில் சேர்த்தால் நீர் விடுவது குறையும்.

உறைந்த காயைக் கரையவிடாமல் அப்படியே சூடான வாணலியில் கொட்டுங்கள். முன்பே கரைந்தால் கூழாகும். பச்சைக் காய்களை ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் மூடி வைத்தால் நிறம் மங்கும். புளிப்புச் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் மங்கும்.

12. ‘உப்பு தேவையான அளவு’ என்றால் எவ்வளவு?

முடிந்த பதார்த்தத்தின் எடையில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு என்பது பலருக்கும் ஒத்துவரும். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். ஒரு கிலோ குழம்புக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை தேக்கரண்டி. அரைக் கிலோ காய்க்கு முக்கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். கல் உப்பு கரண்டியில் தளர்வாக நிற்கும், எடை குறைவாக இருக்கும். தூள் உப்புக்குச் சொன்ன கரண்டி அளவு அதற்குப் பொருந்தாது. பாதியை ஆரம்பத்தில், மீதியைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். கொதித்து வற்றும்போது தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் முதலிலேயே சரியாக இருந்தால் முடிவில் கரிக்கும்.

13. உப்பு கூடிவிட்டது, அல்லது அடிபிடித்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

உப்பு கூடினால் அளவைப் பெருக்குவது ஒன்றே வழி. உப்பில்லாத வெந்த பருப்பு, காய், தண்ணீர் எது பொருந்துமோ அதைச் சேருங்கள். உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துவிடும் என்பார்கள். அது தன்னைச் சுற்றியுள்ள நீரைத்தான் உறிஞ்சுகிறது. மீதமுள்ள குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். கொஞ்சம் புளிப்போ இனிப்போ சேர்த்தால் கரிப்பு ஓரளவு மறையும்.

அடிபிடித்தால் கிளறாதீர்கள், சுரண்டாதீர்கள். உடனே அணைத்து, மேலாக உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். ருசி பாருங்கள், புகைவாடை ஏறியிருந்தால் அதைப் போக்க வழி கிடையாது. எண்ணெயே தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் எண்ணெய்க்குக் கீழே இறங்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகித் தீயை நாலாபக்கமும் வீசும்.

14. உப்பு, காரம் எல்லாம் சரிதான். ஆனாலும் சப்பென்று இருக்கிறது. என்ன குறை?

பெரும்பாலும் புளிப்பு. பரிமாறும் முன் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். உப்பைக் கூட்டுவதைவிட இது அதிகம் உதவும். அதற்கும் சரியாகவில்லை என்றால் வெங்காயம் போதுமான அளவு வதங்கவில்லை, அல்லது மசாலாப் பொடிகள் எண்ணெயில் படாமல் நேராகத் தண்ணீரில் விழுந்திருக்கின்றன. மசாலா வாசனைகளில் பெரும்பாலானவை எண்ணெயில்தான் கரையும். பொடியை எண்ணெயில் 30 விநாடி வதக்கிவிட்டு நீரைச் சேருங்கள்.

15. விடுமுறை நாளிலேயே வாரம் முழுவதுக்கும் சமைத்து வைத்துவிடலாமா?

முழுச் சாப்பாடாகச் செய்து வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 4 டிகிரியில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியில் சமைத்த உணவுக்கு மூன்று நான்கு நாள்தான் கணக்கு. அது தாங்கினாலும், மூன்றாம் நாள் அதே சாப்பாட்டைப் பார்க்க மனம் வராது.

பாதிச் சமையலாகச் செய்து வையுங்கள். ஒரு கிலோ வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, ஒரு வேளை அளவுகளாகப் பிரித்து உறையவைத்தால் தினமும் கால் மணி நேரம் மிச்சம். வேகவைத்த கடலை, தக்காளித் தொக்கு, ஊறவைத்த இறைச்சி எல்லாம் மைனஸ் 18 டிகிரியில் நன்றாக இருக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கு மணல்மணலாகும், வெள்ளரி போன்ற நீர்க்காய்கள் தொய்ந்துவிடும். அவற்றை உறையவைக்க வேண்டாம்.

16. சூடான சாப்பாட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்கிறார்களே? இரவு முழுக்க வெளியில் ஆறவிடலாமா?

இரவு முழுக்க வெளியில் விடக் கூடாது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். ஐந்து லிட்டர் பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் சிக்கல்: நடுப்பகுதி குளிரவே பல மணி நேரமாகும், பக்கத்தில் உள்ளவையும் சூடேறும். 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான டப்பாக்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் வைத்துவிடுங்கள்.

17. மீந்த சோறு ஆபத்து என்று கேள்விப்பட்டேன். நன்றாகச் சூடாக்கினால் போதாதா?

சூடாக்குவது மட்டும் போதாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், கொதித்தாலும் சாகாது. சோறு அறைச் சூட்டில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் பரப்பி ஆறவைத்து உள்ளே வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள். மேலே இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் மென்மையாகும். ஒரு தடவை சூடாக்கியதைத் திரும்ப எடுத்துவைக்க வேண்டாம்.

18. கோழியை உறைபெட்டியிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். கல் மாதிரி இருக்கிறது, இப்போது என்ன செய்ய?

மேசைமேல் வைக்காதீர்கள், உள்ளே உருகுவதற்குள் வெளிப்புறம் 16-ஆவது பதிலில் சொன்ன சூட்டுக்கு வந்துவிடும். காற்றுப்புகாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோ சுமார் ஒரு மணி நேரத்தில் இளகும். உடனே சமைத்துவிட வேண்டும். அதற்கும் நேரமில்லை என்றால் அன்று முட்டை. உறையவைக்கும்போதே பையைத் தட்டையாக, 2 செ.மீ. தடிமனில் பரப்பி வைத்தால் இந்தக் காத்திருப்பு பாதியாகும்.

பச்சைக் கோழியைக் குழாயில் கழுவ வேண்டாம், தெறிக்கும் நீர் கிருமியைச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரப்பும். எலும்பில்லாத 2–3 செ.மீ. துண்டுகள் 8 நிமிட அளவில் வெந்துவிடும். தடித்த இடத்தில் 74 டிகிரி வந்ததா என்று வெப்பமானியால் பார்ப்பதே உறுதி.

19. காலையில் சிவப்புக் காராமணி, ராஜ்மா போன்றவற்றை மெதுகுக்கரில் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்குக்கர்) போட்டுவிட்டுப் போனால் இரவு தயாராக இருக்குமே?

காராமணியை விடுங்கள், ராஜ்மாவை நேராக அப்படிப் போடவே கூடாது. வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு உண்டு. சில கொட்டைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். மெதுகுக்கரின் இளஞ்சூட்டில் அது அழியாது, பச்சையில் இருந்ததைவிட வீரியம் கூடவும் செய்யலாம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே மெதுகுக்கருக்கு மாற்றுங்கள். டப்பாவில் அடைத்து வருவது ஏற்கெனவே வெந்தது. அதற்குக் கவலை இல்லை.

20. இருவருக்குச் செய்யும்போது நன்றாக வருகிறது. எட்டுப் பேருக்கு எல்லாவற்றையும் நான்கு மடங்காக்கினால் ஏன் கெட்டுப்போகிறது?

தண்ணீரை நான்கு மடங்காக்கியதுதான் காரணம். 8-ஆவது பதிலின்படி ஆவியாகும் பங்கு பாத்திரத்தின் வாயையும் நேரத்தையும் பொறுத்தது, அரிசியின் அளவைப் பொறுத்தது அல்ல. ஒரு கப்புக்கு ஒன்றரை என்றால், நான்கு கப்புக்கு ஆறு கப் தேவையில்லை. நாலே முக்கால் கப்பில் தொடங்குங்கள். குழம்பிலும் முதலில் முக்கால் பங்குத் தண்ணீர் விட்டு, பிறகு பார்த்துச் சேருங்கள்.

உப்பு மடங்குக் கணக்கில் ஏறலாம். மிளகாயை மட்டும் இரண்டரை மடங்கில் நிறுத்தி ருசி பாருங்கள். வெங்காயத்தை இரண்டு வாணலியில் பிரித்து வதக்குங்கள். ஒன்றிலேயே குவித்தால் 11-ஆவது கேள்வியில் வந்த சிக்கல் திரும்பிவிடும். கொதி வருவதற்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். கொதித்த பிறகு பருப்பு வேக ஆகும் நேரம் இருவருக்கானாலும் எட்டுப் பேருக்கானாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.